கூட்டம் எங்கே நடக்கிறது, யாரைக் கேட்பது?

குடிநோய் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கல்யாணமான நாளிலிருந்தே குடிதான். தை மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பங்குனி வரை தொடவில்லை. அப்புறம் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் இவர்தான். மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தி முடித்த கையோடு, சொந்தக்காரர்கள் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடியும் பழையபடி ஆகிவிட்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்ஸம்மா 'ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்க' என்றார். எங்கே என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பக்கத்து டவுனில் ஒரு சர்ச்சில் நடப்பதாகச் சொல்கிறார்கள். 'மதம் மாத்திடுவாங்க' என்கிறார் மாமியார். 'போனா ஊருக்கே தெரிஞ்சிடும்' என்கிறார் இவர். அங்கே என்னதான் நடக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பது? இவர் வரவே மாட்டேன் என்றால்?
— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

அம்மா, தையிலிருந்து பங்குனி வரை அவர் தொடவில்லை என்பதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி. குடிக்காமல் இருக்க அவரால் முடியும் என்று அந்த இரண்டு மாதம் காட்டியிருக்கிறது. காதுகுத்தில் குடித்துவிட்டதால் அது இல்லையென்று ஆகிவிடாது. சிகிச்சைக்குப் பிறகு ஒருமுறை சறுக்குவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது. சர்க்கரை ஏறிவிட்டால் மறுபடி டாக்டரிடம் போவது போல, இதற்கும் போக வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து நாளில் என்ன செய்தார்கள்? குடியை நிறுத்தினால் வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் மருந்து கொடுத்துத் தடுத்தார்கள். பி1 வைட்டமின் ஊசி போட்டு, தூக்கத்தையும் பசியையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் அவர் திரும்பி வந்தது அதே ஸ்டாண்டு, அதே வாடகைக் காசு, சாயங்காலம் ஆனால் அதே டாஸ்மாக் வழி. அந்த வழியில் கூட நடக்க ஆள் வேண்டும். வார்டில் நாங்கள் எவ்வளவு நல்லபடியாகப் பேசி அனுப்பினாலும், சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் பக்கத்தில் நாங்கள் இருக்க முடியாது. ஏ.ஏ. குழுவில் இருப்பவர் இருப்பார், குறைந்தது போனிலாவது.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 'பெயர் சொல்லாத குடிநோயாளிகள்' என்று பொருள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கிற குழு. அது தொடங்கிய விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் ஒரு ஆளைத் தேடிய கதைதான். 1935 மே மாதம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்த பில் வில்சன், வந்த காரியம் கெட்டுப்போய் ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டு, தன்னைப் போல் குடியில் மாட்டிக்கொண்ட ஒருவர் இந்த ஊரில் பேசக் கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஜூன் 10ஆம் தேதி டாக்டர் கடைசியாகக் குடித்தார். அதையே ஏ.ஏ.வின் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பில் வில்சன் போன் போட்டது டாக்டரைக் காப்பாற்றுவதற்காக இல்லை. தான் குடிக்காமல் இருப்பதற்காக. இன்றைக்கும் குழுவில் பத்து வருஷம், இருபது வருஷம் குடிக்காமல் இருப்பவர்கள் புதிதாக வருகிறவருக்காகக் காத்திருப்பது அதனால்தான். 'தொந்தரவு கொடுக்கிறோமோ' என்று தயங்காமல் கூப்பிடுங்கள். உங்கள் போன் அவர்களுக்கும் தேவைப்படுகிறது.

கூட்டத்தில் நடப்பது எளிமையானது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். டீ இருக்கும். ஒரு பிரார்த்தனை சொல்லித் தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொருவராக, 'என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லித் தன் கதையைப் பேசுவார். மற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் முதல் நாளே பேச வேண்டியதில்லை. பெயர் மட்டும் சொல்லலாம், அதையும் சொல்லாமல் இருக்கலாம். பதிவேடு கிடையாது. ஆதார் கேட்க மாட்டார்கள். கட்டணம் கிடையாது. வாடகைக்கும் டீச் செலவுக்கும் உறுப்பினர்களே தங்களுக்குள் போட்டுக்கொள்வார்கள், வெளியாரிடம் வாங்குவதில்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை.

மாமியாரின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள், உட்காரவைத்து விளக்கமாகச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் நிறையக் கூட்டங்கள் சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூட அறையிலும் நடப்பதற்குக் காரணம், சாயங்காலத்தில் குறைந்த வாடகைக்கு அறை கிடைக்கிறது என்பதுதான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. குடியை விட அவர்கள் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், உண்மை. ஆனால் 'நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். திருநீறு பூசினவரும் தொப்பி போட்டவரும் சிலுவை அணிந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாமியே வேண்டாம் என்பவருக்கும் நாற்காலி உண்டு.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதற்கு வழி இருக்கிறது. உங்கள் ஊர்க் குழுவுக்குப் போகாமல் பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி இருக்கிற ஊருக்குப் போகச் சொல்லுங்கள். அப்படிப் போகிறவர்கள் ஏராளம். அங்கே பார்த்தவரையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் கட்டிக்காக்கிற வழக்கம். பெயரிலேயே 'அனானிமஸ்' இருக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அவர் சேர்ந்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனநலப் பிரிவில் சமூகப் பணியாளரையோ வார்டு நர்ஸையோ பார்த்து, 'உங்க வார்டுக்கு ஏ.ஏ.காரங்க வந்து பேசுவாங்களா, எந்தக் கிழமை?' என்று கேளுங்கள். பல ஆஸ்பத்திரிகளுக்கு அவர்கள் வருவதுண்டு. வருகிற நாளில் நேராகப் பார்த்துப் பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. போனில் கேட்பதாக இருந்தால் 14446, இது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 என்பது டெலி மனஸ், மனநல உதவிக்கு, தமிழிலும் பேசலாம். ஏ.ஏ.வின் இந்தியத் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. இணையத்தில் அவர்களுடைய பக்கத்தில் ஊர் வாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கும், மகளோ மகனோ இருந்தால் தேடித் தரச் சொல்லுங்கள். அந்த சர்ச் அலுவலகத்தில் போய்க் கேட்பதிலும் தவறில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த வாசல் என்பதைச் சொல்லிவிடுவார்கள்.

போனில் ஆள் கிடைத்ததும் இதைக் கேளுங்கள்: கூட்டம் தமிழில் நடக்குமா? குடும்பத்தாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகள் மட்டும் உட்காருகிற மூடிய கூட்டமா? முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் வந்து யாராவது கூட்டிப்போவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். புதியவரை அழைத்துப் போவதைத் தங்கள் கடமையாக நினைக்கிறவர்கள் அவர்கள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர், கூட ஒரு ஆள் இல்லாததால்.

ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் 'பிடிக்கல' என்றால் விட்டுவிடாதீர்கள். குழுவுக்குக் குழு ஆட்கள் வேறு, பேச்சு வேறு. இரண்டு மூன்று இடம் பார்க்கட்டும். புதியவர்களை 90 நாளில் 90 கூட்டம் போகச் சொல்வது அவர்கள் வழக்கம். லோடு வண்டி ஓட்டுகிறவருக்கு அது நடக்காது. வாரத்தில் இரண்டு நாளாவது வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள், அதில் ஒன்று கூலி வாங்குகிற நாளாக இருக்கட்டும். சீக்கிரமே குழுவில் அனுபவமுள்ள ஒருவரை 'ஸ்பான்சர்', அதாவது வழித்துணை, என்று வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த காதுகுத்துக்குக் கிளம்பும் முன் அவருக்கு ஒரு போன், விருந்து நடக்கும்போது ஒரு போன், திரும்பும்போது ஒரு போன்.

அவர் வரவே மாட்டேன் என்றால், நீங்கள் போங்கள். நான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பெண்கள் அவர் கிளம்பட்டும் கிளம்பட்டும் என்று வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ், தோழி ஒருவருடன் சேர்ந்து 1951இல் தொடங்கியது. உங்கள் பக்கத்தில் அல்-அனான் இல்லையென்றால், ஏ.ஏ.வின் திறந்த கூட்டத்துக்கு நீங்கள் தனியாகவே போய் உட்காரலாம். அங்கே உங்களுக்கு மூன்று விஷயம் புரியும்: அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை, உங்களால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. இது புரிந்த பிறகு, லோடு முதலாளிக்குப் போன் போட்டு 'காய்ச்சல்' என்று அவருக்காகச் சொல்வதையும், கடைக்காரரிடம் அவர் வைத்த கடனை நீங்கள் அடைப்பதையும் நிறுத்துவீர்கள். அவர் செய்கையின் பாரம் அவர் தோளில் இறங்கும்போதுதான் பலருக்கும் 'சரி, போய்ப் பார்க்கலாம்' என்ற எண்ணம் வருகிறது. சென்னை இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. குடிநோய்ச் சிகிச்சை மருத்துவமனையை 1980இல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்தவர். குடிநோயாளிக்குச் சிகிச்சை தரும்போதே குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதை அந்த இடத்திலிருந்துதான் நாங்களெல்லாம் படித்துக்கொண்டோம்.

கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர் கை நீட்டுகிறவர் என்றால், கூட்டமெல்லாம் பிறகு. முதலில் பெண்களுக்கான உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மகன் குடிக்கிறான். 'குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் பார்த்தேன். வாங்கலாமா?
— ஒரு தாய், அரியலூர்

வாங்காதீர்கள் தாயே. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை கலந்திருந்தால் ஆபத்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு இருக்கும். டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள்தான், ஆனால் சோதனைகள் செய்து, சாப்பிடுகிறவரிடம் விளக்கி, அவர் சம்மதித்த பிறகு. மகனுக்குத் தெரியாமல் அவனைக் குணப்படுத்த வழி இல்லை. அவன் குடிக்காமல் இருக்கிற காலை நேரமாகப் பார்த்து, கோபப்படாமல், 'ஒரே ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வா, நானும் வரேன்' என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. தினமும் இரண்டு குவார்ட்டர். காலையில் கை நடுங்கும், கொஞ்சம் ஊற்றினால்தான் நிற்கும். கார்த்திகை முதல் தேதி மாலை போட முடிவு செய்திருக்கிறேன். போன வருஷமும் முந்தின வருஷமும் மாலை போட்டபோது சுத்தமாக இருந்தேன். மலைக்குப் போய் வந்து கழற்றிய மறுநாளே தொடங்கிவிட்டது. இந்தத் தடவை விடாமல் பிடிக்க நினைக்கிறேன். எனக்குக் குழுவெல்லாம் தேவையா?
— ஒரு வாசகர், நாமக்கல்

தம்பி, மாலை போடுங்கள். ஆனால் மாலை போடும் நாளன்று குடியை நிறுத்தாதீர்கள். அதற்கு முன்பே ஒரு டாக்டரின் கண்காணிப்பில் நிறுத்திவிட்டு, உடம்பு நிதானமான பிறகு போடுங்கள். காலையில் கை நடுங்கி, ஊற்றினால் நிற்கிறது என்றால் உடம்பு குடிக்கு அடிமையாகிவிட்டது என்று அர்த்தம். திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் கூடும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவம் தெரிந்து, இருக்கிற இடம் புரியாமல் போய்விடும். கார்த்திகை பிறந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள், கழுத்தில் துளசி மாலையோடு வலிப்பு வந்து வார்டுக்குத் தூக்கிவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'சாமி குத்தம்' என்று அழுதுகொண்டே கூட வருவார்கள். குற்றம் ஒன்றும் இல்லை, உடம்பின் கணக்கு அது. போன இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்று இருக்க வேண்டாம். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் முந்தின தடவையைவிடக் கடுமையாக வரக்கூடியது இது. அரசு மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை இலவசம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழு தேவையா என்று கேட்கிறீர்கள். மாலை போட்ட நாட்களில் நீங்கள் எப்படிக் குடிக்காமல் இருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் குளியல். குருசாமி சொன்னால் மறுபேச்சு இல்லை. சாயங்காலம் பஜனை, குடிக்கிற நேரம் அப்படியே பஜனைக்குப் போய்விடுகிறது. பெண்டாட்டி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் 'சாமி' என்கிறார்கள். கூடக் குடித்தவனே, 'சாமி மாலை போட்டிருக்கு, கூப்பிடாதே' என்று ஒதுங்கிக்கொள்கிறான். ஐயப்பன் அருள் உங்களுக்கு இருந்தது, அதோடு ஒரு குழுவும் இருந்தது தம்பி. நல்ல குழு. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் குருசாமி அவர் வேலைக்குப் போய்விட்டார், பஜனை நின்றுவிட்டது, நீங்கள் பழையபடி பெயர் சொல்லிக் கூப்பிடப்படும் ஆளாகிவிட்டீர்கள். தனியாக நின்றீர்கள். மறுநாளே தொடங்கியதில் என்ன ஆச்சரியம்?

ஏ.ஏ.வில் கிடைப்பது அந்த ஏற்பாடுதான், வருஷம் முழுவதற்கும். குருசாமி இடத்தில் ஸ்பான்சர். பஜனை நேரத்தில் கூட்டம். 48 நாள் என்ற கெடுவுக்குப் பதிலாக, 'இன்று ஒரு நாள் மட்டும் குடிக்க மாட்டேன்' என்ற சங்கல்பம், நாளைக்கு எழுந்ததும் மறுபடி அதே. ஆயுசு முழுவதும் தொடமாட்டேன் என்று யாரும் உங்களிடம் சத்தியம் வாங்க மாட்டார்கள். இது பேச்சுக்குச் சொல்வதும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ.வும் அதன் படிகளைச் சார்ந்த சிகிச்சையும் மற்ற மனநலச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்திருப்பதாகச் சொல்கிறது.

ஆகவே மலையேறும் முன்பே குழுவைக் கண்டுபிடித்துவிடுங்கள். மாலையோடே போய் உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கழற்றுகிற அன்று சாயங்காலம் எந்த ஊரில் கூட்டம் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நான் பெண். கோவையில் நல்ல வேலையில் இருக்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு தூக்கத்துக்காக ஆரம்பித்தது, இப்போது இரவு தவறாமல் குடிக்கிறேன். ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் போய் எப்படி உட்காருவது? எனக்கு இது நோய்தானா என்றும் தெரியவில்லை.

நோயா என்பதற்கு டாக்டர்கள் பல வருஷமாகக் கேட்டு வரும் நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? யாராவது குடியைப் பற்றிச் சொன்னால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்ச்சி உண்டா? காலையில் எழுந்ததும் குடிக்கத் தேவைப்பட்டிருக்கிறதா? இரண்டுக்கு 'ஆம்' என்றாலே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. பெண்ணுடம்பில் குறைந்த அளவு குடியே கல்லீரலை வேகமாகக் கெடுக்கும், ஆகையால் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் தயக்கம் நியாயமானது. நம் ஊர்க் கூட்டங்களில் பெண் ஒருவராகவே இருக்க நேரலாம். போன் செய்யும்போதே, 'பெண் உறுப்பினர் யாராவது என்னோடு பேச முடியுமா?' என்று கேளுங்கள். பெரிய ஊர்களில் பெண்களுக்கென்று கூட்டங்கள் உண்டு. இணையவழிக் கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கலாம், தொடங்க அது நல்ல இடம். ஏ.ஏ.வின் ஆரம்ப காலத்தில், 1939இல், மார்ட்டி மேன் என்ற பெண் அங்கே வந்து குடியை விட்டார். 1944இல் குடிநோய் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்வதற்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கி, 'இது நோய், நோயாளிக்கு உதவ முடியும்' என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அன்றைக்கு அவரைச் சுற்றிலும் ஆண்கள்தான். தூக்கத்துக்காக ஆரம்பித்தது என்கிறீர்களே, அந்தத் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் தனியாகச் சிகிச்சை வேண்டும். டாக்டரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: குடிக்கிற தம்பியை வேனில் ஏற்றிக்கொண்டு போய் 90 நாள் அடைத்து வைத்து அனுப்பும் மையம் ஒன்றைச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
— சேலம்

பணம் கட்டும் முன் நேரில் போய்ப் பாருங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்திருக்கிறது. மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், நீங்கள் எப்போது தம்பியைப் பார்க்கலாம், உள்ளே ஏ.ஏ. கூட்டம் நடக்கிறதா என்று கேளுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் அங்கே சேர்க்காதீர்கள்.

கேள்வி: நான் குடியை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. எங்கள் ஊரில் குழு இல்லை, ஒவ்வொரு வாரமும் வெளியூர் போகிறேன். இங்கேயே ஒன்று தொடங்கலாமா?
— ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

தொடங்குங்கள் ஐயா. குடியை விட விரும்புகிற இரண்டு மூன்று பேர் அதற்காகக் கூடினாலே தங்களை ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம், வேறு எந்த அமைப்போடும் அந்தக் குழு ஒட்டியிருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. நீங்கள் போகிற வெளியூர்க் குழுவில் சொல்லி, ஆரம்பத்தில் வாரம் ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு அறை பாருங்கள், டாஸ்மாக்கைத் தாண்டி வர வேண்டிய இடமாக இருக்க வேண்டாம். கிழமையையும் நேரத்தையும் ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றாதீர்கள். தீபாவளியன்றும் பொங்கலன்றும் கண்டிப்பாகத் திறந்து வையுங்கள், அன்றைக்குத்தான் ஆள் தேவைப்படும். பிறகு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய், அந்தக் கிழமையையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.